மூலபந்தமும் அசுவினி முத்திரையும்: அவற்றின் பயன் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சைவநூல்கள் இறைவனை அடைதற்குரிய நெறிகளைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுத்தோதும். அவற்றுள் மூன்றாவதாகிய யோகம், புலன்களை அடக்கி அகத்தே சிவத்தைக் கண்டு ஒன்றியிருக்குஞ் சகமார்க்கமாம். இந்நாளில் யோகம் என்னுஞ் சொல் ஊர்தோறும் வழங்குகின்றது. ஆயினும் அச்சொல்லாற் குறிக்கப்படுவது பெரும்பாலும் உடம்பை வளைத்தலும் மூச்சை அடக்கலுமேயாய் நின்றுவிடுகின்றது. அவற்றுள்ளும், எருவாயைச் சுருக்கியும் நெகிழ்த்தும் செய்யப்படும் அசுவினி முத்திரையும், அடியிடத்தை மேனோக்கி இறுக்கி நிறுத்தும் மூலபந்தமும், இடுப்பிற்கு வலிமையும் உடம்பிற்குச் சத்தியும் ஒருங்கே தருவன என்று பலராலும் கற்பிக்கப்படுகின்றன.

இக்கூற்றில் மெய்யாவது எத்துணை, மிகையாவது எத்துணை, அப்பயிற்சி சைவநெறியில் நிற்குமிடம் யாது, அது யாருக்கு வேண்டுவது என்பன ஆராயத்தக்கன. மிகைபடக் கூறுவதால் இரண்டு தீங்குகள் விளைகின்றன. உடற்பயிற்சியை அருட்பேறாக மயங்குவார் ஒருபால். அம்மயக்கத்தைக் கண்டு வெறுத்து, அப்பயிற்சியால் உண்மையில் விளையும் நலத்தையும் இழப்பார் மற்றொருபால். இருபாலார்க்கும் பயன்படும் வண்ணம் நூல்வழியும் உடல்வழியும் பொருளை அளந்து காண்டல் கடனாம்.

1. அடயோக நூல்கள் கூறுவன

பதஞ்சலியார் யோகசூத்திரத்தில் இயமம் முதற் சமாதி ஈறாக எட்டு உறுப்புக்கள் ஓதப்பட்டன. முத்திரையும் பந்தமும் அவற்றுள் வைத்து எண்ணப்படவில்லை. அவற்றை விரித்துரைப்பன பிற்காலத்து அடயோக நூல்களே. 15ஆம் நூற்றாண்டினதாகிய அடயோகப் பிரதீபிகையில் சுவாத்துமாராமர் மூலபந்தத்தை உள்ளிட்ட பத்து முத்திரைகளைக் கூறினார். ஏறத்தாழ கி.பி. 1700இல் எழுந்ததாகக் கொள்ளப்படும் கேரண்ட சங்கிதை முத்திரைகளை இருபத்தைந்தாக விரித்தது. அசுவினி என்னும் பெயரால் எருவாய்ச் சுருக்கத்தைத் தனி முத்திரையாக ஓதுவது இந்நூலே. பெண்குதிரை சாணமிட்டபின் எருவாயைச் சுருக்கி விரித்தல் போலச் செய்யப்படுதலின் அப்பெயர் போந்தது.

இவ்விரு நூல்களும் கூறும் பயன்களை நோக்குக. மூலபந்தத்தாற் கீழ்நோக்கும் அபானன் மேனோக்கிப் பிராணனோடு கலக்கும். மலமும் நீரும் குறையும். முதியோனும் இளையோனாவான் என்பது பிரதீபிகையின் கருத்து. அசுவினியாற் சத்தி எழும். எருவாய்ப் பிணிகள் யாவும் ஒழியும். உடற்கு வலிமையும் ஊட்டமும் உண்டாம். அகாலமரணம் நீங்கும் என்பது கேரண்ட சங்கிதையின் கருத்து. இக்காலத்து ஆசிரியன்மார் எடுத்துரைப்பனவெல்லாம் இவ்வுரைகளின் வழிவந்தனவே.

நூல்களிற் கூறப்பட்டமையின் அவை முழுதும் எழுத்துப்படியே கொள்ளத்தக்கனவன்றோ எனின், அற்றன்று. பயன்கூறி ஊக்குவித்தல் நூல்களுக்கு மரபு. ஒரு விரதத்தை விதிக்கும் நூல் அதனால் எல்லாப் பேறும் எய்தலாம் என்னும்; அடுத்த விரதத்தை விதிக்குமிடத்தும் அவ்வாறே கூறும். இதனை அருத்தவாதம் என்பர். கேரண்ட சங்கிதையுள் மூப்பையும் சாக்காட்டையும் வெல்லும் எனப் புகழப்பட்ட முத்திரை ஒன்றன்று, பல. ஒன்றினாலேயே அப்பயன் முற்றுமாயின் ஏனைய வேண்டா. ஆகலின் அவை ஊக்கவுரை என்றே கொள்ளத்தக்கன.

பெயரொருமை கொண்டு பொருளொருமை கோடலும் பிழையாம். வச்சிரோலி என ஒரு நூல் குறிவழியைப் பற்றிய அரிய பயிற்சியைக் கூற, கேரண்ட சங்கிதை ஏறத்தாழ அப்பெயராலேயே உள்ளங்கைகளை நிலத்தூன்றிக் கால்களை மேலே உயர்த்தி நிற்றலைக் கூறும். பெயர் ஒன்று, செயல் வேறு. நூலின் பெயரைச் சொல்லாது, பழைய முத்திரை என்ற அளவில் ஒன்றைக் கற்பிப்பார் சொல்லை ஏற்குமுன் எந்நூலின் எம்முத்திரை என வினவுதல் மாணாக்கர்க்கு உரியது.

இன்னும் ஒன்று. அடயோகப் பிரதீபிகையே இராசயோகத்தை அறியாது அடத்தை மட்டும் பயில்வாரது உழைப்பு பயனற்றது என்று கூறியிருக்கின்றது. இக்கூற்றை நீக்கிவிட்டு முத்திரையை மட்டும் எடுத்துக் காட்டுவார், தாம் மேற்கோளாகக் கொண்ட நூலுக்கே மாறுபட்டவராவர்.

2. திருமந்திரத்தின் முறைவைப்பு

தமிழ்ச் சைவர்க்கு யோகநூலாய் முதற்கண் நிற்பது திருமந்திரம். அதன் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை முறையாகக் கூறுகின்றது. இயம நியமங்களை வரையறுத்து, ஆதனங்களைக் கூறி, பூரகம் பதினாறு, கும்பகம் அறுபத்துநான்கு, இரேசகம் முப்பத்திரண்டு மாத்திரை எனப் பிராணாயாமத்தின் அளவும் காட்டியபின், பிரத்தியாகாரத்தைத் திருமூலர் தொடங்குகின்றார். மூலத்து வாயிலை அடைத்திருக்கும் விதி அங்கேதான் வருகின்றது. அதனை அடுத்துத் தாரணையைக் கூறுமிடத்தும், மனத்தைக் கோணாது நிறுத்திக் கீழே கட்டும் முறை ஓதப்பட்டது.

இம்முறைவைப்பு ஊன்றி நோக்கத்தக்கது. மூலத்தை அடைத்தல் வெறும் உடல்வலிமைக்கெனின் அது ஆதனத்தின்கண் ஓதப்பட்டிருக்கும். மூச்சின் அடக்கத்திற்கு மட்டும் எனின் பிராணாயாமத்தின்கண் ஓதப்பட்டிருக்கும். அவ்விரண்டினும் ஓதாது, புறத்தே ஓடும் பொறிகளை அகத்தே மீட்கும் பிரத்தியாகாரத்தும், மீட்ட மனத்தை ஓரிடத்து நிறுத்தும் தாரணையினும் ஓதினமையால், அதன் நோக்கம் மனத்தை உள்முகப்படுத்தலே என்பது பெறப்படும். அங்ஙனம் ஓதிய திருமந்திரமும் கீழ்வாயிலை அடைத்திருக்க என்பதோடு நில்லாது, மேல்வாயிலின்கண் மனத்தை வைத்திருக்க என்றும் உடன் விதிக்கின்றது. கீழ்வாயிலை மட்டும் அடைத்து மேல்வாயிலை மறந்தார், வீட்டின் புறக்கதவைத் தாழிட்டுவிட்டு விளக்கேற்றாது இருளிலிருப்பாரை ஒப்பர்.

அற்றேல், திருமூலர் உடம்பைப் பொருட்படுத்தாதவரோ எனின், அன்று. அவரே காயசித்தி உபாயம் என்னும் பகுதியில், உடம்பு அழிந்தால் உயிரும் தளர்ந்து மெய்ஞ்ஞானத்தை எய்தும் வலியிழக்கும் என்று கூறி, உடம்பை வளர்க்கும் உபாயம் அறிந்து வளர்த்தல் உயிரை வளர்த்தலாம் என்னுங் கருத்தை நிறுவினார். முன்னர் உடம்பை இழிவென எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டமை கண்டு பேணலாயினமையும் அவர் வாக்கினாற் பெறப்படும். ஆகவே இடுப்பின் வலிமைக்காக ஒருவர் இப்பயிற்சியை மேற்கொள்வது சைவத்திற்கு மாறாகாது. மாறாவது, அவ்வலிமையையே வீடுபேற்றின் வாயில் எனக் கோடல்.

3. சொன்மயக்கம் இரண்டு

இப்பயிற்சி பற்றிய மயக்கம் பெரிதும் இரண்டு சொற்களால் வந்தது. ஒன்று சத்தி, மற்றொன்று விந்து.

சத்தி எழும் என்றவுடன், தசையின் வலியையும், உள்ளத்தின் ஊக்கத்தையும், சிவசத்தியையும் ஒன்றென மயங்குவாருளர். சித்தாந்தத்திற் சத்தியென்பது சிவத்தின் வேறன்றி நிற்கும் அருள். அஃது ஆன்மாவின்கண் பதிதலாகிய சத்திநிபாதம், இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய காலத்தே நிகழ்வது. ஆணவமலம் உயிரைப் பற்றியது, தசையைப் பற்றியதன்று. தசையை எத்துணை முறை சுருக்கினும் அச்சுருக்கம் ஆணவத்தின் வலியைச் சுருக்காது. ஆன்மாவின் முயற்சியால் அருளை வலிந்து இழுக்கலாம் எனின், அருள் அருளாகாது கூலியாய் முடியும். அதனால் முத்திரையாற் பெறுவது உடம்பின் ஆற்றலேயன்றி அருளாற்றல் அன்று எனத் தெளிக.

விந்து என்னுஞ் சொல்லும் அத்தகையது. சித்தாந்த சாத்திரங்களில் அது சுத்தமாயைக்குப் பெயர். நால்வகை வாக்குக்களும் சுத்த தத்துவங்களும் தோன்றுதற்கு முதற்காரணமாயுள்ளது. மருத்துவ வழக்கிலும் யோக வழக்கிலும் அச்சொல் ஆண்மகனது தாதுவையுங் குறிக்கும். திருமந்திரத்தின் ஏழாந் தந்திரம் விந்துவைப் பற்றிக் கூறுமிடங்களில் இருபொருளும் விரவி வருதலின், குருமுகமாக அன்றிப் பொருள்கோடல் அரிது. இவ்வேறுபாட்டை அறியாதார், தாது ஒருதுளி கழியினும் உயிர்வலி கழிந்ததென இளைஞரை அச்சுறுத்தி, அவ்வச்சத்திற்கு மருந்தாக முத்திரையை விலைகூறுகின்றனர். தாது இயல்பாகக் கழிதல் நோயன்று என்பது இற்றை மருத்துவத்தின் முடிபு. பிரமசரியம் நியமமாக உவந்து கொள்ளத்தக்கது, அச்சத்தினால் திணிக்கத்தக்கதன்று. அச்சத்தால் உள்ளங் குன்றிய இளைஞனுக்கு மூலபந்தம் கற்பிப்பதினும் அவன் அச்சத்தை நீக்குதலே முதற்கண் செய்யத்தக்க உதவி.

4. உடல்வழிக் காணும் உண்மை

மிகையுரைகளைக் கழித்தபின் எஞ்சுவது சிறிதன்று. இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பு தொடங்கி வாலெலும்பு வரை தூளிபோலக் கட்டப்பெற்ற தசைத்தொகுதி ஒன்றுண்டு. சிறுநீர்ப்பையும், மலக்குடலும், மகளிர்க்குக் கருப்பையும் அதன்மேற் றாங்கப்பெற்று நிற்கின்றன. நீரும் மலமும் வேண்டும்போது கழிதற்கும் வேண்டாதபோது நிற்றற்கும் அத்தசைகள் துணை. மகப்பேற்றினாலும், முதுமையாலும், நாட்பட்ட இருமலாலும், மலச்சிக்கலின் முக்கலாலும், பெருஞ்சுமை தூக்கலாலும் அவை தளர்வுறும். தளர்ந்தவிடத்து இருமினும் தும்மினும் சிறுநீர் கசியும். சிலர்க்குக் கருப்பை இறக்கமும் உண்டாம்.

அசுவினி முத்திரையிலும் மூலபந்தத்திலும் சுருக்கப்படுவன இத்தசைகளே. அமெரிக்க நாட்டு மருத்துவர் ஆர்னால்டு கெகல் என்பார், மகப்பேற்றின்பின் தளர்ந்த இத்தசைகளைப் பயிற்சியாற் சீர்ப்படுத்தலாம் என 1948இல் எழுதி வெளியிட்டார். சுருக்கத்தின் அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்றையும் அமைத்தார். இற்றைநாள் மருத்துவமனைகளிற் கற்பிக்கப்படும் இடுப்படித் தசைப்பயிற்சி அதன்வழி வளர்ந்தது. 2018இல் வெளிவந்த கொக்கிரேன் தொகுப்பாய்வு, 14 நாடுகளைச் சார்ந்த 1817 மகளிரைக் கொண்ட 31 சோதனைகளை ஆராய்ந்தது. இருமல் தும்மலின்போது நீர்கசியும் பிணியுற்றாருள், பயிற்சி செய்தவரில் நூற்றுக்கு 56 பேரும், செய்யாதவரில் நூற்றுக்கு 6 பேரும் பிணி நீங்கிற்றென்று கூறினமை அதனாற் புலப்பட்டது.

இது நூலோர் ஓதிய வலிமை என்னும் பயனுக்கு நல்லதொரு சான்று. ஆனால் சான்று எதற்கு உண்டோ அதற்கே அதனைக் கொள்க. நீர்கசிவிற்குக் கிடைத்த சான்றை எடுத்து, மூப்பு நீங்கும் என்றதற்கும், மரணம் விலகும் என்றதற்கும் சார்த்திக் கூறல் அறிவுநெறி ஆகாது. தோணி ஆற்றைக் கடத்தும் என்பது மெய்யாயின், அது கடலையும் கடத்தும் என்பது பெறப்படாது.

5. நெல்லியாளமும் அதனையொத்த இடங்களும்

இனி இப்பயிற்சி யாருக்கு வேண்டுவது என்பதை நோக்குக. நகரங்களிற் கட்டணங் கொடுத்துப் பயில்வாருட் பலர், நாற்காலியிலிருந்து தொழில் செய்வோர். பெரிதும் வேண்டுவோரோ வேறிடத்தினர்.

நீலகிரியின் மேற்பால், பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லையை அணித்தாக உள்ளது நெல்லியாளம். முன்னாளிற் குறுநில மரபினர் ஆண்ட அவ்விடம் இந்நாளில் நகராட்சி. சூழவும் தேயிலைத் தோட்டங்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி தாயகந் திரும்பிய மலையகத் தமிழர் பலர் இப்பகுதியிற் குடியேறினர். அவர்தம் பிழைப்பிற்கெனத் தொடங்கப்பட்ட அரசு தேயிலைத் தோட்டங்கள் 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக அமைந்தன. இத்தோட்டங்களிற் கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் மகளிர். மழையினும் பனியினும் செங்குத்தான சரிவில் நின்று பறித்து, நிறைந்த கொழுந்தை நிறுவையிடத்திற்குச் சுமந்துவரல் அவர்தம் நாட்கடன். மலைச்சரிவில் ஒதுங்கிடம் இல்லாமையால் நீரை நெடும்பொழுது அடக்கிநிற்பதும் அவர்க்குள்ள இடர். மகப்பேற்றின்பின் விரைந்து வேலைக்குத் திரும்பல் வறுமையின் விளைவு.

மகப்பேறு, சுமை, நெடுநேரம் நிற்றல் என்னும் மூன்றும் ஒருங்கு கூடிய வாழ்வில் இடுப்படித் தசைகள் தளர்வது வியப்பன்று. வியப்பாவது, இத்தளர்ச்சிக்கு ஏற்ற எளிய பயிற்சி பல நூற்றாண்டுகளாக இந்நாட்டு நூல்களில் இருந்தும் அது அவரிடம் செல்லாமையே. செல்லாமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று நாணம்: எருவாய், கருவாய் என்னும் உறுப்புக்களின் பெயரையே நாவாற் சொல்லலாகாது எனத் தாய் மகளிடத்தும் வாய்திறவாள். மற்றொன்று மறைப்பு: முத்திரைகள் மறைத்துக் காக்கத்தக்கன எனப் பழைய நூல்கள் விதித்தன.

மறைத்தல் விதியாயின் அதனை மீறிக் கற்பித்தல் குற்றமன்றோ எனின், குற்றமன்று. மறைக்குமாறு விதிக்கப்பட்டது தகுதியில்லார் கைப்படின் தீங்காம் அரிய பயிற்சிகளைப் பற்றி. பிணிதீர்க்கும் எளிய தசைப்பயிற்சி அவ்விலக்கின்கண் அடங்காது. மருந்தை மறைத்தல் மறைகாத்தல் ஆகாது. எருவாயையும் கருவாயையும் குறித்து இடஞ்சுட்டிக் கூறத் திருமூலர் நாணவில்லை. உள்ளே சோதியைக் காணும் இடத்தை உணர்த்துதற்கே அவ்வுறுப்புக்களை அளவையாகக் கொண்டார். யோகியர்க்குத் தெளிவாக ஓதப்பட்டது, கொழுந்துக் கூடை சுமப்பாளுக்கு ஓதலாகாது என்பதற்கு நூலினும் நியாயம் இல்லை. அறத்தினும் நியாயம் இல்லை.

6. பயிலும் முறையும் விலக்கும்

பயில்வார் முதலில் நீர்ப்பையை ஒழித்துக்கொண்டு, தளர்வாக அமர்ந்தேனும் படுத்தேனும் இருக்க. காற்றுப் பிரியாமல் அடக்குவார் போல எருவாயையும் அதனை அடுத்த அடியிடத்தையும் மேனோக்கிச் சுருக்குக. வயிறும் தொடையும் பின்றட்டும் இறுகலாகா. மூச்சு இயல்பாய் ஓடுக. சில நொடிகள் நிறுத்தி, முற்றும் நெகிழ்த்துக. நெகிழ்த்துங் காலம் சுருக்கிய காலத்திற் குறையாது இருத்தல் வேண்டும். ஒருமுறைக்கு எட்டுச் சுருக்கமாக நாளொன்றுக்கு மூன்று முறை, மூன்று திங்கள் வரை விடாது செய்க என்பது பிரித்தானிய மருத்துவ வழிகாட்டு நெறி. ஓரிரு நாளிற் பயன்காணாது விடுத்தார் பயிற்சியைப் பழித்தல் முறையன்று.

நெகிழ்த்தலைப் பலர் மறக்கின்றனர். அசுவினி முத்திரையின் விதியே சுருக்கலும் விரித்தலும் ஆகிய இரண்டுமாம். ஓயாது இறுக்கி வைத்தலை வலிமையென எண்ணுவார்க்கு வலியும் மலநீர்த் தடையும் நேரும். முன்னரே இத்தசைகள் இறுகி நோவுடையார்க்குச் சுருக்கும் பயிற்சி ஆகாது. அவர்க்கு வேண்டுவது தளர்த்தலே. நீர்கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுதலும் வழக்கமாகக் கொள்ளற்க. கருவுற்றாரும், அறுவை செய்துகொண்டாரும் மருத்துவரையேனும் செவிலியரையேனும் வினவித் தொடங்குக. குருதி ஒழுகினும், கருப்பை இறங்கித் தோன்றினும், நீர் கட்டினும் முத்திரையை நம்பிக் காலந்தாழ்த்தல் அறியாமை. மருத்துவமனையை அடைதலே கடன். கும்பகத்தோடு கூடிய மூலபந்தம் குருதி அழுத்தமும் இதயநோயும் உடையார்க்கு ஏலாது. ஏனையோரும் அறிந்தார்முன் இருந்தே பயில்க.

ஆடவர்க்கும் இஃது உரியதே. முதுமையிற் புராத்தக் கோளத்தை அறுத்து நீக்கியபின் நீர்கசிவுறும் ஆடவர்க்கு இப்பயிற்சியையே மருத்துவர் கற்பிக்கின்றனர். ஆண்மைப் பெருக்கம் என்னும் விளம்பரத்தினும் இவ்வுதவி நன்று.

7. முடிபு

மேற்கூறியவாற்றான் பெறப்படுவன: மூலபந்தமும் அசுவினி முத்திரையும் உடலளவிற் செய்யப்படுங்கால் உடலளவான நன்மையே பயக்கும், அந்நன்மை மெய்யானது, சிறுமைப்படுத்தத் தக்கதன்று. அவை யோகத்தின் உறுப்பாங்கால், புலனை மீட்டு மனத்தை மேல்வாயிலில் நிறுத்துதற்குக் கருவியாம்; அங்கும் கருவியே அன்றிப் பயன் அன்று. சிவஞான சித்தியார் எட்டாஞ் சூத்திரம் சரியை முதலிய நான்கிற்கும் சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் எனப் பயன் வகுத்து, முடிந்த முத்தியை ஞானத்தின்பாலே வைத்தது. யோகம் முற்றினும் ஞானம் வேண்டும். ஞானத்திற்கு அருள் வேண்டும். தசைப்பயிற்சி யோகமே முற்றாத நிலையில், அதனைக் கொண்டு வீடு கூறல் எவ்வாற்றானும் பொருந்தாது.

அற்றேல் சைவர் இதன்கண் செய்யத்தக்கது யாதெனின், செய்யத்தக்கது சரியையின்பாற்பட்டது. அடியார் நடந்துவரும் வழியைச் செதுக்கித் திருத்தினார் அப்பர் அடிகள். அத்திருத்தொண்டு உடம்புகளுக்குச் செய்த உதவியே. நெல்லியாளத்தினும் அதனையொத்த மலைத்தோட்டங்களினும் உள்ள கோயிற் கூட்டங்களில், மகளிர் மகளிர்க்கே இப்பயிற்சியை நாணமும் மிகையுரையும் இன்றிச் சொல்லிக் கொடுப்பின் அதுவும் தொண்டாம். அதற்குக் கட்டணம் வேண்டா, மறைப்பு வேண்டா, பெரும்பேறு எய்தும் என்னும் வாக்குறுதியும் வேண்டா. இருமும்போது ஆடை நனையும் என அஞ்சிக் கோயிற்குச் செல்லாது லயத்து அறையினுள் ஒடுங்கியிருந்தாள் ஒருத்தி, அவ்வச்சம் நீங்கிச் சந்நிதியில் நின்று கைகூப்புவாளாயின், இம்முத்திரையின் பயன் அங்கே நிறைவுற்றது. அதற்கு மேற்பட்டது திருவருளின் செயல்.

திருச்சிற்றம்பலம்.